கல்லணை ரோட்டுக்கு இரண்டு சாதா சைக்கிள்

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இரண்டு சைக்கிள், இரண்டுக்கும் சேர்த்து இருபதாயிரம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விடிந்ததும் திருவானைக்காவலிலிருந்து கிளம்பி, கல்லணை ரோட்டில் பேசிக்கொண்டே போய், வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். வேகம் வேண்டாம், தூரக் கணக்கு வேண்டாம், போட்டியெல்லாம் வேண்டவே வேண்டாம். எங்கள் தேவை இவ்வளவுதான். இதற்காகத் திருச்சி டவுனில் கடை கடையாக ஏறி இறங்கி, கோயம்புத்தூர் வரை போய்ப் பார்த்து, வாங்கி, ஒரு மார்கழியும் கொஞ்சம் கோடையும் ஓட்டிய பிறகு இதை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமதரை ஊரில், ஐம்பதைத் தாண்டிய கணவன் மனைவி நிதானமாக ஓட்டுவதற்குக் கியர் இல்லாத, ஷாக் இல்லாத, டிஸ்க் பிரேக் இல்லாத இரும்பு சைக்கிளே போதும். ஆனால் அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பார்த்து வாங்கினால் சரிவராது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஜாதகம் பார்ப்பது மாதிரி பொருத்தம் பார்த்து எடுக்க வேண்டும். எந்தக் கடையிலும் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

எந்த மாடல் என்று சொல்லுங்கள் என்பீர்கள். வேண்டுமென்றேதான் எழுதவில்லை. இந்த விலையில் ஒரே பெயரில் அடுத்த வருஷம் வேறு பெடல், வேறு பிரேக், வேறு சீட் போட்டு வருவது சகஜம். பெயரை நம்பிப் போய் ஏமாறுவதைவிட, என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. சென்னை டி.ஐ. கம்பெனியின் பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், லூதியானாவின் ஹீரோ, ஏவான் என்று டவுன் கடைகளில் நாங்கள் பார்த்தது பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள்தான். எல்லாவற்றிலும் ஆறாயிரத்து ஐந்நூறிலிருந்து எட்டாயிரத்துக்குள் சாதா சைக்கிள் இருக்கிறது. கடைக்காரர் உள்ளேயிருந்து எடுத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். வாசலில் நிற்பதெல்லாம் வேறு ரகம்.

என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் கடையில் மற்றவர்கள் பெயின்ட்டைப் பார்க்கும்போது இவர் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு அச்சைப் பார்ப்பார். எனக்கு இது முப்பது வருஷப் பழக்கம், கடைக்காரர்களுக்குப் புதுசு. இதில் வரும் தொழில் சமாச்சாரம் எல்லாம் அவர் சொன்னது; நல்லது கெட்டது என்ற தீர்ப்பு மட்டும் என்னுடையது.

முதல் கடையில் கால் வைத்ததுமே, தம்பி ஒருவர் இருபத்தொரு கியர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். முன்னால் ஷாக், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க், டிராக்டர் டயர் அளவுக்குப் பட்டன் வைத்த டயர்.

"சார், சாதா சைக்கிள் இப்ப யாரும் எடுக்கிறதில்ல. இதுதான் சார் போகுது."

"தம்பி, கல்லணை ரோட்டுல எந்த இடத்துல மேடு இருக்கு, சொல்லு" என்றார் இவர்.

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் திருவளர்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று வாழைத்தோப்புக்கு ஊடே போகிற ரோடு அது. ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. எங்களுக்கு இருக்கிற ஒரே ஏற்றம் டவுனுக்குப் போகும்போது காவிரிப் பாலத்தில் ஏறுவது. அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் மானம் போய்விடாது.

கியர் இல்லாவிட்டால் கால் வலிக்காதா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. இவர் ஒரு சாதா சைக்கிளில் செயின் ஓடுகிற பல்சக்கரங்களின் பல்லை எண்ணினார். முன்னால் 44, பின்னால் 18. பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். 26 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் கூடப் போகும். ஆக ஒரு மிதிக்கு ஐந்து மீட்டர். நிமிஷத்துக்கு ஐம்பது சுற்று மிதித்தால் மணிக்கு 15 கிலோமீட்டர், நாற்பது சுற்று என்றால் 12. பேசிக்கொண்டு போகிற ஜோடிக்கு இந்தப் பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் நடுவில்தான் வேலை. அதற்குள் இருபத்தொரு கியரை வைத்து என்ன செய்வது?

மலிவு கியர் சைக்கிளில் வேறு தொல்லைகளும் உண்டு. பின்னால் செயினை மாற்றித் தள்ளுகிற அந்த மெஷின் ஒரு சின்னக் கொக்கியில் தொங்குகிறது. ஸ்டாண்டு சரியாகப் போடாமல் சைக்கிள் வலது பக்கம் சாய்ந்து விழுந்தால் அந்தக் கொக்கி வளையும். வளைந்தால் கியர் தானாகத் தாவும். கியர் சைக்கிளின் செயின் அகலம் குறைவு, சாதா சைக்கிளின் செயின் தடிமன், அதிக நாள் உழைக்கும். எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. முன்னால் மூன்று பல்சக்கரம் இருந்தால் முழு செயின் கவர் போட முடியாது. சுடிதார் பேன்ட்டோ புடவையோ கட்டிக்கொண்டு ஓட்டுகிறவளுக்கு இது ஒன்று போதும் வேண்டாம் என்று சொல்ல.

ஷாக் விஷயத்தில் இவர் இன்னும் கறார். நல்ல ஷாக் விலை அதிகம். பத்தாயிரம் ரூபாய் சைக்கிளில் வருவது இரும்புக் குழாய்க்குள் ஒரு ஸ்பிரிங். பள்ளத்தில் விழுந்தால் கொஞ்சம் அமுங்கும், உண்மைதான். ஆனால் நாம் எழுந்து மிதிக்கும்போதும் அமுங்கும். மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை அது சாப்பிட்டுவிடும். எடையும் கூடும். அப்படி ஒன்றை நான் தூக்கிப் பார்த்தேன், பதினெட்டு கிலோவாவது இருக்கும். எங்கள் வீட்டு வாசலில் மூன்று படி. தினமும் அந்தப் படியில் ஏற்றி இறக்கப் போவது நான்தான். ரோட்டில் உள்ள குலுக்கலுக்கு மருந்து கொஞ்சம் அகலமான டயரும், ஸ்பிரிங் வைத்த சீட்டும். இரண்டும் மலிவு.

டிஸ்க் பிரேக் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. கேபிளில் இழுக்கிற மலிவு டிஸ்க்கில் தகடு லேசாகக் கோணினாலும் ஓடும்போது உரசிச் சத்தம் போடும். ரப்பர் கட்டையால் ரிம்மை இரண்டு பக்கமும் பிடிக்கிற பவர் பிரேக்கைத் தெருமுனை பஞ்சர் கடைக்காரர் ஐந்து நிமிஷத்தில் சரி செய்வார், டிஸ்க் என்றால் தலையைச் சொறிவார். நல்ல ரப்பர் கட்டை போட்ட பவர் பிரேக் எங்கள் வேகத்துக்கு யதேஷ்டம். ஒன்றே ஒன்று, ரிம் நனைந்தால் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். மழையில் முன்கூட்டியே பிடித்துப் பழக வேண்டும்.

மகனைப் பார்க்கக் கோயம்புத்தூர் போனபோது டெகத்லான் என்ற விளையாட்டுச் சாமான் கடைக்கும் போனோம். அங்கே ஒரு நல்ல விஷயம், எடுத்து ஓட்டிப் பார்க்க விடுகிறார்கள். அலுமினியச் சட்டம் (ஃபிரேம்) போட்ட ஒரு ஹைப்ரிட் சைக்கிளில், அதாவது ரேஸ் சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் நடுவாந்தர ரகத்தில், ஒரு சுற்று வந்தேன். எவ்வளவு லேசு! ஒரு கையால் தூக்கிவிட்டேன். ஹேண்டில்பாரைப் பிடித்தால் முதுகு ரொம்பக் குனியவும் இல்லை, விறைப்பாகவும் இல்லை. பணம் இருந்தால் அதையே எடுத்திருப்பேன். ஆனால் நாங்கள் பார்த்த ஒன்றின் விலையில் இரண்டு சாதா சைக்கிள் வந்துவிடும். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் தனியாக வாங்கிப் போட வேண்டும். எனக்குத் திரும்பி வரும்போது ஒரு வாழைப்பூவோ கீரைக்கட்டோ வைக்கக் கேரியர் வேண்டும். ஊரில் இருப்பவர்கள் வாங்காவிட்டாலும் அங்கே போய் ஓட்டிப் பார்ப்பது நல்லது. நம் உடம்புக்கு எந்த உட்காரும் நிலை ஒத்துவருகிறது என்று தெரிந்துவிடும். அந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு டவுன் கடைக்கு வரலாம்.

பழைய சைக்கிளும் பார்த்தோம். ராடு பிரேக் போட்ட பழைய அட்லஸ் ஒன்று இரண்டாயிரத்துக்கு வந்தது. சக்கரம் இன்னும் நேராக ஓடியது, ஆச்சரியம். இவருக்கு ஆசை. ஆனால் இருபது கிலோவுக்கு மேல் கனம், சக்கரமும் 28 இஞ்ச், அதற்கு ஜோடியாக எனக்கு ஒன்று கிடைக்காது. இன்னொருவர், பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிற சைக்கிள் ஆயிரத்து ஐந்நூறுக்கு வாங்கித் தருகிறேன் என்றார். எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறதோ என்று நினைத்து, அந்த வாசலிலேயே பேச்சை முடித்துக்கொண்டோம்.

இனி பொருத்தம். ஜோடியாக ஓட்டுகிறவர்களுக்கு வருகிற ஒரே சண்டை வேகச் சண்டைதான். ஒருவர் முன்னால் போய்விடுவார், இன்னொருவர் பின்னால் மூச்சு வாங்குவார், "ஏங்க, நில்லுங்க" என்று கத்த வேண்டும். இதற்குக் காரணம் கால் பலம் மட்டும் என்று நினைப்போம். பாதிக் காரணம் சைக்கிள். எனக்கு உயரம் ஐந்தடி ஒன்று. "மேடத்துக்கு 24 இஞ்ச் போதும்" என்று ஒரு கடையில் எடுத்து வைத்தார்கள். அதே 44-க்கு 18 பல்லில் 24 இஞ்ச் சக்கரம் ஒரு மிதிக்கு நாலரை மீட்டர் சுமாருக்குத்தான் போகும். அவருடையது ஐந்து மீட்டர். அவர் பத்து மிதி மிதிக்கும்போது நான் பதினொன்று மிதிக்க வேண்டும், காலை முழுக்க. சக்கர அளவு வேறு, சட்ட அளவு வேறு என்பதை நிறையக் கடைகளில் குழப்பிக்கொள்கிறார்கள். குட்டையானவருக்குச் சட்டம்தான் சின்னதாக இருக்க வேண்டும். சக்கரம் 26 ஆகவே இருக்கலாம். நான் அப்படித்தான் எடுத்தேன்.

டயரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒருவருக்கு மெல்லிய வழுவழு டயர், இன்னொருவருக்குப் பட்டன் டயர் என்றால் பட்டன்காரர் தார் ரோட்டில் சும்மாவே பின்தங்குவார். மிதிப்பதை நிறுத்தி உருளவிட்டால் வித்தியாசம் அப்படியே தெரியும்.

இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது, இவர் இல்லையென்றால் நான் விழுந்திருப்பேன். இரண்டு சைக்கிளிலும் "26" என்று போட்டிருந்தது. நான் திருப்தியாகப் பணம் எடுக்கக் கைப்பையைத் திறந்துவிட்டேன். இவர் குனிந்து டயர் ஓரத்தைப் படித்தார். லேடீஸ் சைக்கிளில் 26 x 1 3/8, ஜென்ட்ஸில் 26 x 1.75. ஒன்று பின்னத்தில் எழுதியது, ஒன்று புள்ளி வைத்து எழுதியது, பார்த்தால் ஏதோ அருகருகே உள்ள எண் மாதிரி இருக்கிறது. ரிம் அளவே வேறு. முதலாவதற்கு ரிம் விட்டம் 590 மில்லிமீட்டர், இரண்டாவதற்கு 559. ஒன்றின் டயர் இன்னொன்றில் ஏறவே ஏறாது. டயரில் சின்ன எழுத்தில் 37-590, 47-559 என்று போட்டிருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டிலும் 559 இருக்கிற மாதிரி வேறு லேடீஸ் சைக்கிள் கேட்டோம். குடோனிலிருந்து வர இரண்டு நாள் ஆனது. இப்போது ஒரே ஸ்பேர் டியூப் இருவருக்கும் பொருந்தும். வால்வும் இரண்டிலும் மோட்டார் சைக்கிள் வால்வு மாதிரியே இருக்கும்படி பார்த்தோம். பெட்ரோல் பங்கிலும் காற்று அடித்துக்கொள்ளலாம்.

பார் வைத்த சைக்கிளா, பார் இல்லாததா என்பதில் எனக்கு ஒரு பழைய கதை உண்டு. நான் புதுக்கோட்டைக்காரி. 1991-ல் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்தில் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிளையும் சேர்த்தார். எனக்குப் பதினெட்டு வயது. எங்கள் ஊர் கண்மாய்க்கரையில் சாயங்காலம் ஆனால் சித்திகள், அத்தைகள், பீடி சுற்றுகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள் எல்லோரும் விழுந்து எழுந்து ஓட்டப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்கு அப்போது தட்டுப்பாடு. நாங்கள் பழகியதெல்லாம் பார் வைத்த ஆண்கள் சைக்கிள்தான். பார் மேல் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதுவே நல்லது என்று சொன்ன அம்மாக்களும் உண்டு. அதனால் பார் எனக்குப் பயம் இல்லை. ஆனாலும் இப்போது பார் இல்லாததைத்தான் எடுத்தேன். முட்டி பழைய மாதிரி மடங்குவதில்லை. எதிரே பஸ் வந்து சட்டென்று இறங்க வேண்டியிருந்தால், காலைப் பின்னால் வீசாமல் அப்படியே முன்னால் இறங்கிவிடலாம். அவருக்குச் சாதாரண பார் சைக்கிள். நின்றபடி காலுக்கு நடுவில் பாரை வைத்துப் பார்த்தால் இரண்டு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும் என்பது ஆண்களுக்கு முக்கியம், ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் வாங்கிய கடையின் பெயரை எழுதப்போவதில்லை. விலை நியாயம், பேச்சு மரியாதை. மாட்டுகிற வேலைதான் மோசம். புது சைக்கிள் கடைக்குப் பெட்டியில் வந்து, ஹேண்டில்பார், பெடல், சீட், முன் சக்கரம் எல்லாம் அங்கேதான் மாட்டப்படுகிறது. மாட்டிய பையனுக்கு அவசரம். இடது பெடலை வலது பக்கம் போலவே கடிகாரத் திசையில் திருகிக்கொண்டிருந்தான். ஏறவில்லை என்றதும் ஸ்பேனரின் மேல் ஏறி நிற்கப் போனான். இவர் கையைப் பிடித்துவிட்டார்.

"நில்லு தம்பி. இடது பெடலுக்கு மரை தலைகீழ். இப்படி ஏத்துனா கிராங்கு மரை போயிடும்."

பெடலைத் தாங்குகிற கை மாதிரியான இரும்புதான் கிராங்கு. அதில் மரை போய்விட்டால் கொஞ்ச நாளில் ஓடும்போதே பெடல் கழன்று விழும். புது கிராங்கு மாற்ற வேண்டும். பையன் மேல் கோபம் இல்லை, அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டிய முதலாளி கல்லாவில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேல்தான் எனக்குக் கோபம்.

ஃபிட்டர் வீட்டில் இல்லாதவர்களும் பார்க்கக்கூடிய சில சோதனைகள் இருக்கின்றன. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹேண்டில் கழுத்தில் டக் டக் என்று இடிக்கக் கூடாது. கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் கோட்டம் இருக்கிறதா என்று தெரியும். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கைத் திருப்பி மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள், சிரிக்காதீர்கள், நடக்கிறது. ஃபோர்க்கின் வளைவு முன்பக்கம் பார்க்க வேண்டும். இதையெல்லாம் பார்த்துவிட்டு, கடையில் கேட்டு, தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் பணம் கொடுங்கள். ஓட்ட விடமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள். ஆன்லைனில் வாங்குவதை நான் சொல்லாமல் விட்டதற்கும் இதுதான் காரணம்.

பில் கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஏழாயிரம் ரூபாய் சைக்கிளில் நானூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ஒரு கடையில் பழைய விலைச் சீட்டையே காட்டி "டிஸ்கவுண்ட்" என்று அந்த நானூறைத்தான் குறைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை சீட் உயரம். கடையில் எல்லாம் அடியோடு இறக்கி வைத்துத் தருவார்கள், தரையில் கால் முழுக்கப் பதிந்தால்தான் வாங்குகிறவருக்கு தைரியம் வரும் என்று. அப்படியே ஓட்டினால் முட்டி வலி நிச்சயம். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். சீட் கம்பியில் இதற்கு மேல் இழுக்காதே என்று ஒரு கோடு இருக்கும், அதைத் தாண்டக் கூடாது. முதலில் பயமாக இருந்ததால் நான் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். பழகியது ஸ்ரீரங்கத்தில். விடியற்காலை உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் அகலமாக இடம் இருக்கும், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாம். மார்கழியில் மட்டும் வீட்டுக்கு வீடு கோலம். அதன் மேல் ஏற்றாமல் வளைத்து வளைத்து ஓட்டியதில் எனக்கு ஹேண்டில் கட்டுப்பாடு நன்றாகவே வந்துவிட்டது.

கல்லணை ரோட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்ட முடியாது. ரோடு குறுகல், பஸ் வரும், வாழைத்தார் ஏற்றிய வண்டி வரும். அங்கே நான் முன்னால், அவர் பின்னால். மெதுவாகப் போகிறவர் முன்னால் போனால் வேகச் சண்டையே வராது. பின்னால் வருகிறவருக்கு பஸ் சத்தம் முதலில் கேட்கும், குரல் கொடுப்பார்.

சைக்கிள்கள் எப்படி இருக்கின்றன என்றால், சொன்ன வேலையைச் செய்கின்றன. என்னுடைய சீட் மட்டும் சரியில்லை. மெல்லிய ஸ்பாஞ்சுக்கு மேல் ரெக்சின், உத்தமர்சீலி தாண்டும்போதே உட்காரும் எலும்பு வலித்தது. நானூற்று ஐம்பது ரூபாய்க்கு அடியில் இரண்டு ஸ்பிரிங் வைத்த அகலச் சீட் மாற்றினேன், தீர்ந்தது. அவருடையதில் பிளாஸ்டிக் பெடல் கீச்சிட்டது, எண்ணெய் விட்டார், இன்னும் கீச்சிடுகிறது, அவரே மாற்றுவார். முதல் மாதத்தில் ஸ்போக்ஸ் இளகிப் பின் சக்கரம் கொஞ்சம் கோணியது. பிரேக் கேபிளும் தளர்ந்தது. புது சைக்கிளில் இரண்டும் வழக்கம்தானாம். கடையில் ஒரு மாதத்துக்குப் பிறகு இலவச சர்வீஸ் உண்டு, கண்டிப்பாகப் போய்க் கோட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். நிறையப் பேர் போவதே இல்லை.

காற்றை மட்டும் மறக்கக் கூடாது. எங்கள் டயரில் 40 முதல் 65 பி.எஸ்.ஐ. வரை என்று போட்டிருக்கிறது. ஐம்பதுக்குப் பக்கத்தில் வைக்கிறோம். அவர் பின்தங்க ஆரம்பித்தால் வயசாகிவிட்டது என்று நான் கேலி செய்வதற்கு முன்னால் அவர் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். பெரும்பாலும் டயர்தான். செயினுக்குத் தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் ஆற்றோர மணல் எல்லாம் ஒட்டிக்கொண்டு செயினை அரைத்துவிடும்.

செலவுக் கணக்கு. என் சைக்கிள் 7,200, அவருடையது 6,900. சீட் 450. காற்று அடிக்கக் கால் பம்பு 600. பூட்டு இரண்டு 500. பின்னால் எரிகிற சிவப்பு லைட் இரண்டு 400. மொத்தம் 16,050. மிச்சப் பணத்தில் ஹெல்மெட் வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் வேண்டாம் என்கிறார், நான் வாங்கத்தான் போகிறேன்.

ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே கியர் இல்லாமல் முடியாது. காலையில் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் போகிற எண்ணம் உள்ளவர்களும் இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து லேசான ஹைப்ரிட்டுக்குப் போகலாம். கல்லணை வரை போய், வறுத்த மீன் கடைகளைப் பார்த்தும் பார்க்காமலும் திரும்புகிற எங்களைப் போன்றவர்களுக்கு இது போதும். அவர் பார்க்காமல் திரும்பியதில்லை என்பது வேறு விஷயம்.